காணொளி எங்கே உறைகிறது?

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சற்று முன் இம்மேடையில் நம் சிறுமியர் கும்மியடித்துச் சென்றனர். அவர்கள் படியிறங்கி முடிப்பதற்குள் அந்தக் கும்மி தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் உள்ள பாட்டிமார்களின் கைப்பேசியை எட்டியிருக்கும். இவ்விந்தை எங்ஙனம் நிகழ்கிறது என்பதை எளிய முறையில் விளக்குமாறு செயலாளர் பணித்தார். விளக்குகிறேன். அவர் பணிக்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன், பொறுத்தருள வேண்டும்.

யூடியூப் 2005ஆம் ஆண்டில் தோன்றியது. அதில் ஏறிய முதற் காணொளி, விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளின் முன் நின்று ஓர் இளைஞர் பேசிய 19 நொடிப் பேச்சுத்தான். பதினைந்து ஆண்டுகள் கழிவதற்குள், நிமிடந்தோறும் 500 மணி நேரத்துக்கு மேற்பட்ட காணொளிகள் வந்து குவிகின்றன என்று அந்நிறுவனம் கூறும் நிலை வந்துவிட்டது.

இவ்வெள்ளத்தை எப்படித் தேக்குகிறார்கள்? முதலில் நடப்பது சுருக்கம். நம் கும்மியையே எடுத்துக் கொள்வோம். பின்னாலிருக்கும் திரை அசைவதில்லை, குழந்தைகளே அசைகின்றனர். ஆகவே முழுப் படத்தை ஒருமுறை எழுதி வைத்துக் கொண்டு, அடுத்து வரும் படங்களில் எது மாறிற்று, எத்திசையில் நகர்ந்தது என்பதை மட்டும் குறித்துக் கொண்டால் போதுமன்றோ? அத்துடன், கண்ணுக்கு எளிதில் புலப்படாது என்று கணிக்கப்படும் நுண்மைகளும் நீக்கப்படுகின்றன. பட்டுப் பாவாடையின் சரிகைக் கோடு அவ்வாறு மறையக்கூடும். மறைந்தது அப்படியில் மீண்டும் வாராது.

அடுத்து, ஒரே காணொளியைப் பல தரங்களில் படியெடுக்கிறார்கள். 144 வரிகள் கொண்ட மங்கலான படியும் உண்டு. 1080 வரிகளும் அதற்கு மேலும் கொண்ட தெளிவான படியும் உண்டு. ஒவ்வொரு படியையும் சில நொடித் துண்டுகளாக நறுக்கி வைக்கிறார்கள். தாய் நிலாச்சோற்றை உருண்டை உருண்டையாகப் பிடித்து, குழந்தை மெல்லும் வேகம் கண்டு உருண்டையைச் சிறிதாக்கியும் பெரிதாக்கியும் ஊட்டுகிறாள் அல்லவா? அதுவே முறை. பாட்டியின் ஊரில் இணைப்பு நலிந்தால் அடுத்த துண்டு மங்கலான படியிலிருந்து வரும். வலுத்தால் தெளிவான படியிலிருந்து வரும். நடுவே படம் சற்றுக் கலங்கிப் பின் தெளிவதன் காரணம் இதுதான். 2009இல் ஆப்பிள் நிறுவனம் இத்தகைய முறையொன்றை வெளியிட்டது. 2012இல் இதற்கென ஓர் அனைத்துலகத் தரமும் வகுக்கப்பட்டது.

பலரும் விரும்பிப் பார்க்கும் காணொளிகளின் படிகள், இணையச் சேவை தரும் நிறுவனங்களின் கட்டடங்களிலேயே, பார்ப்பவருக்கு அருகில் இருக்கும் பொறிகளில் வைக்கப்படுகின்றன. பெயர் பெற்ற திரைப்பாடல் ஆயின் அது பெரும்பாலும் பக்கத்திலிருந்தே வரும். நாற்பது பேர் மட்டும் பார்க்கும் நம் கும்மியோ, எங்கோ தொலைவிலுள்ள கிடங்கிலிருந்து வரவேண்டியிருக்கும். அதில் மனக்குறை வேண்டா. வணிக நோக்கு அத்தகையது.

இனி, செயலாளர் பணிக்காத செய்தி. இத்தளங்கள் கொண்டு சேர்ப்பதில் வல்லவை. காத்து வைப்பதாக அவை நமக்கு உறுதி தந்ததில்லை. மைஸ்பேஸ் என்னும் தளம், மூன்றாண்டுகளுக்கு முன் ஏற்றிய பாடல்களும் படங்களும் காணொளிகளும் இனிக் கிடைக்காமற் போகலாம் என்று 2019இல் அறிவித்தது. பொறிகளை மாற்றும்போது அவை அழிந்தனவாம். பேஸ்புக், நேரலைப் பதிவுகளை 30 நாட்கள் மட்டுமே வைத்திருக்கும் விதியை 2025 பிப்ரவரியில் கொண்டு வந்தது. பழைய நேரலைகளை இறக்கிக் கொள்ளத் தவணை கொடுத்தது உண்மை. அறிவிப்பைப் படித்தவர் எத்தனை பேர்?

நம் குடியிருப்பில் ஒரு குடும்பம் தாத்தாவின் சதாபிஷேகத்தன்று அவர் தேவாரம் ஓதியதைப் படம் பிடித்து ஒரு தளத்தில் ஏற்றியது. கைப்பேசியில் இடமில்லையென்று மூலத்தை அழித்துவிட்டனர். பின்னர்த் தொலைபேசி எண் மாறிற்று, கடவுச்சொல் மறந்தது, கணக்கின் கதவு திறக்கவேயில்லை. தாத்தாவும் இன்றில்லை. உறவினர் ஒருவருக்குச் செய்தியாக அனுப்பிய சிறு படி ஒன்றே எஞ்சியது. அதில் குரல் கேட்கிறது. முகத்தை மட்டும், அவர்தாம் என்று தெரிந்தவர்களே அடையாளம் காண முடியும்.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020இலும் 2021இலும், பல சங்கங்கள் இணையத்தின் வழியாகவே விழாக் கொண்டாடின. நாமும் கொண்டாடினோம். அவற்றின் மூலப் பதிவுகள் நம்மில் எவரிடம் உள்ளன என்று சென்ற வாரம் கேட்டுப் பார்த்தேன். இதுவரை இருவர் மட்டும் பழைய கைப்பேசிகளைத் தேடிப் பார்ப்பதாகக் கூறியிருக்கின்றனர்.

இன்றைய நிகழ்ச்சிகளின் மூலப் பதிவை இரண்டு வட்டுகளில் எழுதி, ஒன்றைச் சங்க அலுவலகத்திலும் மற்றொன்றைப் பொருளாளர் இல்லத்திலும் வைப்பதாகச் செயற்குழு இசைந்துள்ளது. பழைய பதிவு வைத்திருப்போர், சுருக்கிச் செய்தியில் அனுப்பாமல், கைப்பேசியுடனேயே ஞாயிறு காலை பத்து மணிக்கு நூலக அறைக்கு வாருங்கள். படியெடுத்துக் கொண்டு உடனே திருப்பித் தருவோம். காப்பியும் உண்டு.