கல்லூரி வாயிலும் நம்மவர் மனமும்

(தம்மம்பட்டியில் நம் சங்கக் கூட்டத்தே தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்லூரி சென்று மீளும் நம் இளைஞர் கூறும் குறை ஒன்றுண்டு. "நீ மதிப்பெண்ணால் வந்தனையோ, சாதிச் சான்றிதழால் வந்தனையோ?" என உடன்பயில்வோர் வினவுகின்றனராம். இவ்வினா புதிதன்று.

நம் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் சென்னை மாகாணத்து முதன்மந்திரியாயிருந்த காலம் (1926-30). அப்போதுதான் வகுப்புவாரி ஆணை செவ்வனே நடைமுறைக்கு வந்தது. அமைச்சர் முத்தையா முதலியார் அதனை உறுதியுடன் நிறைவேற்றினார். உத்தியோகம் 12 எனில், பிராமணரல்லாத இந்துக்கள் 5, பிராமணர் 2, முகம்மதியர் 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர் 2, தாழ்த்தப்பட்டோர் 1 என்பது முறை. திறமை கெடும் என்ற கூக்குரல் அன்றே எழுந்தது. கல்லூரிச் சேர்க்கையில் இம்முறை செல்லாதென 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (அவ்வம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திலர் என்பது அத்தீர்ப்பிலேயே காணப்படுகின்றது!) அவ்வாண்டே அரசியற் சட்டம் முதன்முறை திருத்தப்பெற்று 15(4) என்னும் உட்பிரிவு பெற்றது. நம் வீட்டுப் பிள்ளைகள் மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆனது அவ்வழியே.

அந்த 5-ஐ மீண்டும் நோக்குமின். அவற்றைப் பிராமணரல்லாதாருள் முற்பட்டோரே கொண்டுபோயினர் எனப் பிற்பட்டோர் முறையிட்டனர். அதன் பயனாகவே 1947-இல் இடங்கள் 14 ஆகி, பிற்பட்ட இந்துக்களுக்குத் தனியே 2 கிடைத்தன. இஃது நம்மவர் வழக்கு. இதே வழக்கைத்தான் அருந்ததியர் தொடுத்தனர். 18 விழுக்காட்டினுள் 3 விழுக்காடு 2009-இல் அவர்க்கு உள்ளொதுக்கீடாயிற்று. உள்ளே பகுத்தல் முறையே என 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் கூறிற்று. ஆயினும் நம் திண்ணைகளில் அவர் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் பேச்சு யாது? நம்மை நோக்கிப் பிறர் வினவிய அதே வினாவன்றோ!

இடம் கிடைத்தபின் நிகழ்வதும் ஒன்றுண்டு. நம் சேலம் மாவட்டத்து ஆய்வு மாணவர் ஒருவர், பன்றி வளர்க்கும் எளிய குடியிற் பிறந்தவர், ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயின்றார். அவர்க்கு ஆய்வு நெறியாளர் வாய்க்கவில்லை. 2008 பிப்ரவரியில் விடுதியறையில் உயிர் நீத்தார். அக்குடும்பம் பட்டதை உரைக்க எனக்கு நா எழவில்லை.

நெறியாளர் நாற்காலியில் அமர்வோர் யாவர் என்பதும் கருதத்தக்கதே. ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்க எனப் பல்கலைக்கழக மானியக்குழு 2018-இல் அறிவித்தது. மூன்று ஆசிரியரே உள்ள துறையில் எளியோர் முறை எந்நாள் வரும்? பெருங்கிளர்ச்சிக்குப்பின், 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனம் முழுதையும் ஓரலகாக்கிற்று.

வரும் ஆண்டில் விடுதிக்குச் செல்லும் நம் பிள்ளைகளை வழியனுப்புங் கூட்டத்தில் இவ்வரலாற்றை எடுத்துரைக்க ஒரு நாழிகை ஒதுக்குமாறு செயலாளரை வேண்டுகிறேன். பெற்றோரும் உடன்வருதல் நன்று.