கையெழுத்துக்கு முன் நான்கு ஆண்டுகள்

(நம் சமுதாயக் கூடத்தில் நடந்த காலாண்டுக் கூட்டத்தில், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'விளையாட்டா, படிப்பா?' என்பது. நம் லிஃப்டிலும் வாக்கிங் டிராக்கிலும் அடிக்கடி காதில் விழும் கேள்விதான். "பையன் நன்றாக ஆடுகிறான் சார், காலேஜில் சேர்க்கவா, முழு நேரப் பயிற்சிக்கு அனுப்பவா?" என்று கேட்கிறார்கள். இதற்குப் பொதுவான பதில் என்னிடம் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை விதிமுறைகளாகவே எழுதி வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் முடிவெடுக்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி. மகள் வீட்டில் தங்கியிருந்த சில பனிக்காலங்களில் வேறு வேலை இல்லாமல் அதைப் பார்க்க ஆரம்பித்தேன். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஹாக்கி என்றதும் நமக்கு எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானமும் கோவில்பட்டியும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாக்கி என்றால் பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஆடுவது. பந்துக்குப் பதில் 'பக்' என்னும் கறுப்பு ரப்பர் வட்டு. அதன் உச்சபட்ச லீக் என்.எச்.எல். 32 அணிகள், ஒவ்வொன்றும் வழக்கமான சீசனில் எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள்.

அங்கே நம் ஐ.பி.எல். ஏலம் போல இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை டிராஃப்ட் நடக்கும். 18 வயதை எட்டும் பிள்ளைகளை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். ஏழு சுற்று, மொத்தம் 224 பேர். பெயரைக் கூப்பிட்டதும் பையன் மேடையேறி ஜெர்சி போட்டுக்கொள்வான், அம்மா அழுவார், அப்பா வீடியோ எடுப்பார். பார்க்கிற நமக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் அன்று ஒரு ஒப்பந்தமும் கையெழுத்தாவதில்லை. 'இந்தப் பையனோடு ஒப்பந்தம் பேசும் உரிமை எங்களுக்கு மட்டும்' என்று அணி துண்டு போட்டு இடம் பிடிக்கிறது, அவ்வளவுதான். பஸ் சீட்டில் துண்டு போட்டவர் ஏறாமலும் போகலாம் இல்லையா? அப்படித்தான் இதுவும்.

ஆக, அந்த டிராஃப்ட் நாளுக்கும் முதல் கையெழுத்துக்கும் இடையில் ஒரு காலம் இருக்கிறது. அதை எங்கே கழிப்பது என்பதுதான் குடும்பத்தின் கேள்வி. நெடுங்காலமாக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கனடாவின் மேஜர் ஜூனியர் லீக். 16 வயதிலேயே போய், ஏறக்குறைய தொழில்முறை வாழ்க்கையையே வாழ்வது. இன்னொன்று அமெரிக்கக் கல்லூரி. மேஜர் ஜூனியரில் சிறிய உதவித்தொகை தருவார்கள். அதை வாங்கியவர்களைக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. தொழில்முறை ஆட்டக்காரர்களாகக் கருதி, கல்லூரி ஆட்டத்துக்குத் தகுதியில்லை என்று சொல்லிவந்தது. பத்தாவது படிக்கும் வயதில் ஒரு கதவைத் திறந்தால் மற்றொன்று நிரந்தரமாக மூடிவிடும். 2024 நவம்பரில்தான் அந்த விதியை மாற்ற முடிவெடுத்தார்கள். 2025 ஆகஸ்ட் முதல் மேஜர் ஜூனியரில் ஆடியவரும் கல்லூரிக்கு வரலாம். அதற்கு முன்னால் எத்தனை வீடுகளில் எத்தனை இரவு இதைப் பற்றி வாக்குவாதம் நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கல்லூரி வழியில் என்ன லாபம்? படிப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். தேர்ச்சி பெறாவிட்டால், குறைந்தபட்ச மதிப்பெண் இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய ஆட்டக்காரனும் களத்தில் இறங்க முடியாது. ஆனால் அதைவிட முக்கியமான லாபம் கால அவகாசம். வழக்கமாக ஜூனியரில் ஆடும் பையனோடு அணி இரண்டு ஆண்டுக்குள் ஒப்பந்தம் செய்யவேண்டும், இல்லாவிட்டால் உரிமை போய்விடும். கல்லூரிப் பையனுக்கு, நான்கு ஆண்டுப் படிப்பு முடிந்து வரும் ஆகஸ்ட் 15 வரை அணி காத்திருக்கலாம். அணிக்கும் இது வசதிதான். ஒரு அணி ஒரே நேரத்தில் 50 ஒப்பந்தங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. கல்லூரியில் இருப்பவன் அந்தக் கணக்கில் வரமாட்டான். செலவில்லாமல் வளர்கிறான். இந்த ஆண்டுக் கணக்குகள் தொழிலாளர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது மாறக்கூடியவை. நான் சொல்லப்போகும் மூன்று பேரில் முதல் இருவர் காலத்தில் இருந்த நடைமுறை இது.

முதலாமவர் கேல் மக்கார். கனடாவின் கால்கரி நகரத்துப் பையன். 2017 டிராஃப்டில் நான்காவது ஆளாக கொலராடோ அவலாஞ்ச் அணி தேர்ந்தெடுத்தது. அவர் சேர்ந்ததோ மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம். அதற்கு முந்தைய சீசனில் மொத்தமே ஐந்து ஆட்டங்கள் ஜெயித்திருந்த அணி அது. முதல் ஆண்டு முடிந்தபோதே தொழில்முறைக்குப் போயிருக்கலாம். போகவில்லை, இரண்டாம் ஆண்டும் ஆடினார்.

2019 ஏப்ரலில் நடந்ததைத் தேதி வாரியாகச் சொல்கிறேன். 12ஆம் தேதி, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹோபி பேக்கர் விருது. 13ஆம் தேதி, தேசிய இறுதிப் போட்டியில் மினசோட்டா டுலூத் அணியிடம் 3-0 என்று தோல்வி. 14ஆம் தேதி, கொலராடோவுடன் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து. 15ஆம் தேதி இரவு என்.எச்.எல். நாக்அவுட் சுற்றில் முதல் ஆட்டம். எதிரணி அவருடைய சொந்த ஊர் கால்கரி. முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். கொலராடோ 6-2 என்று ஜெயித்தது.

நான்கு நாட்களில் நடந்ததைப் பார்த்து அதிர்ஷ்டம் என்பார்கள். கையெழுத்து ஒரு நாள் வேலைதான். அதற்குத் தயாராக இரண்டு கல்லூரி ஆண்டுகள் பிடித்தன.

அந்த அவசரத்துக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. முதல் ஒப்பந்தத்துக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. மக்கார் காலத்தில் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 9 லட்சத்து 25 ஆயிரம் டாலரைத் தாண்டக்கூடாது. எவ்வளவு பெரிய திறமைசாலியானாலும் அதே வரம்புதான். கையெழுத்திடும் வயதைப் பொறுத்துக் காலமும் நிர்ணயம்: 21 வரை மூன்று ஆண்டு, 22, 23 வயதில் இரண்டு ஆண்டு, 24 வயதில் ஒரு ஆண்டு. சீசன் முடியும் நேரத்தில் வந்து அதே சீசனுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டால், சில வாரங்களிலேயே அந்த மூன்றில் ஒரு ஆண்டு கழிந்துவிடும். வரம்பில்லாத இரண்டாவது ஒப்பந்தம் ஒரு ஆண்டு முன்னதாகவே கைக்கு வரும். மக்கார் 2021இல் வாங்கிய இரண்டாவது ஒப்பந்தம் ஆறு ஆண்டுக்கு 5 கோடியே 40 லட்சம் டாலர்.

இரண்டாமவர் ஜிம்மி வீஸி. 2012இல் நாஷ்வில் அணி மூன்றாவது சுற்றில், 66ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஹார்வர்டில் படித்தார். அந்த வகைக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. நான்கு ஆண்டும் முழுதாக இருந்தார், 2016இல் ஹோபி பேக்கர் விருதும் வாங்கினார். நாஷ்வில் கையெழுத்துக்குக் காத்திருந்தது, அவர் போடவில்லை. அந்த அணி தன் உரிமையை பஃபலோ அணிக்குக் கைமாற்றியது. அங்கேயும் போடவில்லை. ஆகஸ்ட் 15 கடந்தது, எந்த அணியோடும் பேசலாம் என்ற நிலை வந்தது. சில நாட்களில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியோடு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார்.

இதில் நியாயம் யார் பக்கம்? நான்கு ஆண்டு காத்திருந்த அணிக்குக் கோபம் வராதா? வரும். ஆனால் 19 வயதில் அவரைக் கேட்காமல் தேர்ந்தெடுத்தது அணி. விதியை எழுதியதும் அவர் அல்ல. அவர் செய்தது, விதியைக் கடைசி வரி வரை படித்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் வேலையில் சேரும்போது பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்களே, எத்தனை பேர் கடைசிப் பக்கம் வரை படிக்கிறோம்?

மூன்றாமவர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவர். மார்ட்டின் சென் லூயி. உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். 'சின்ன ஆள்' என்று எந்த அணியும் டிராஃப்டில் தொடவே இல்லை. 1993 முதல் 1997 வரை வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் ஆடினார். அதன் பிறகும் பெரிய கதவு திறக்கவில்லை, கீழ்நிலை லீக்கில் ஆடினார். 1998இல்தான் கால்கரி அணி ஒப்பந்தம் கொடுத்தது. 2000இல் அவர்களும் விட்டுவிட்டார்கள். பிறகு டாம்பா பே அணியில் சேர்ந்து, 2004இல் ஸ்டான்லி கோப்பையும், லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான விருதும் பெற்றார். 2018இல் ஹாக்கியின் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது. 18 வயதில் தேர்வாகாதவனுக்கு 22 வயது வரை ஆடிக்காட்ட ஒரு இடம் இருந்தது. கல்லூரி இல்லாவிட்டால் அந்த நான்கு ஆண்டு அவருக்கு யார் கொடுத்திருப்பார்கள்?

பெண் பிள்ளைகளின் பெற்றோர் பின்னாலிருந்து பார்ப்பது தெரிகிறது. பெண்களுக்கான இன்றைய தொழில்முறை லீக் 2024 ஜனவரியில்தான் ஆட்டத்தைத் தொடங்கியது. அதன் டிராஃப்டில் முதல் இடம் பெற்றவர்கள், 2023இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டெய்லர் ஹைஸ், 2024இல் பிரின்ஸ்டனின் சாரா ஃபில்லியர். இரண்டு பேருமே கல்லூரியிலிருந்து வந்தவர்கள். சம்பளம் தரும் லீக்குகள் வருவதும் மூடுவதுமாக இருந்த காலத்திலும், பெண்களின் ஆட்டத்தை விடாமல் காப்பாற்றி வைத்திருந்ததில் கல்லூரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் நாட்டில் அந்தக் கல்லூரி லீக் இல்லை. அதனால் அவர்கள் பாதையை அப்படியே நகல் எடுக்க முடியாது. ஆனால் அந்தக் குடும்பங்கள் கையெழுத்துக்கு முன் கேட்கும் மூன்று கேள்விகளை நாமும் கேட்கலாம்.

ஒன்று: கையெழுத்திட்டால் எந்தக் கதவு மூடும்? தொழில்முறை ஒப்பந்தம் போட்ட பிறகு, பழைய கல்லூரி அணிக்குத் திரும்பி ஆட முடியாது. பட்டத்தை வேண்டுமானால் பிறகு வந்து முடிக்கலாம். திரும்ப முடிந்தது எது, முடியாதது எது என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம்.

இரண்டு: சரியாக ஆடாவிட்டால் என்ன கிடைக்கும்? முதல் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரண்டு சம்பளம் எழுதியவை. மேல் லீக்கில் ஆடினால் ஒன்று, கீழே அனுப்பினால் இன்னொன்று. கீழ்ச் சம்பளம் மேல் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான். பத்திரிகையில் வருவது மேலே உள்ள எண். பல பையன்கள் முதல் ஆண்டு வாழ்வது கீழே உள்ள எண்ணில். எந்த அகாடமியும் எந்த நிறுவனமும் உங்களிடம் பெரிய எண்ணைச் சொன்னால், சின்ன எண் என்ன என்று கேளுங்கள்.

மூன்று: நம் பக்கம் பேசுபவர் யார்? அங்கே குடும்ப ஆலோசகர் என்று ஒருவர் இருப்பார். கல்லூரி ஆட்டக்காரனுக்காக அவர் அணியோடு பேரம் பேசக்கூடாது என்று நெடுங்காலம் விதி இருந்தது. ஆனால் ஆலோசனை சொல்லலாம். அணியின் மேலாளரும் பயிற்சியாளரும் நல்லவர்களாக இருக்கலாம். ஆனால் அவர்கள் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள். இந்தப் பக்கம் நமக்கென்று ஒருவர் வேண்டும். நம் குடியிருப்பிலேயே வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், ஆடிட்டர்கள் இருக்கிறார்கள், தேசிய அளவில் ஆடி விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர்ந்து ஓய்வு பெற்றவர் ஒருவரும் இருக்கிறார். கதவைத் தட்டினால் உட்கார வைத்து காபி கொடுத்துப் பேசுவார்கள். ஒரு பிள்ளை எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பும் அதை இரண்டு பெரியவர்கள் படித்துப் பார்க்க, சங்கம் ஒரு சிறு ஏற்பாடு செய்யவேண்டும் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். செலவு ஒன்றும் ஆகாது.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு செய்தி. மக்கார் போன பிறகு அந்த மாசசூசெட்ஸ் அணி என்ன ஆனது தெரியுமா? 2021இல், அவர் இல்லாமலே, முதல் முறையாக தேசியப் பட்டத்தை வென்றது. ஐந்து ஆட்டம் ஜெயித்த அணி அது. மக்காரோடு இறுதிவரை வந்து தோற்று, மறுபடி வந்து ஜெயித்த அந்தப் பையன்களில் பலரின் பெயர் நமக்குத் தெரியாது. எல்லோரும் பெரிய லீக்குக்குப் போகவும் இல்லை. ஆனால் ஆடினார்கள், படித்தார்கள், ஜெயித்தார்கள்.

இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று செயலாளர் விரலைக் காட்டுகிறார். கேள்விகளைப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குவோம், பெற்றோர் பிறகு கேட்கலாம்.