ரிங்லெட் ஏரியில் தூண்டில்

ஒரு தூண்டிலும் ஒரு டப்பா மண்புழுவும் இருந்தால், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் ஓய்வு நாள் இனிதே கழியும். அவ்வாறு ரிங்லெட் ஏரிப் பக்கம் செல்வோருக்காகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

இது இயற்கையாக அமைந்த ஏரியன்று. மின்சாரம் எடுப்பதற்காகப் பெர்தாம் ஆற்றை மறித்து, 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம். தெலோம் ஆற்று நீரும் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இங்கு வந்து சேருகிறது.

திலாப்பியா வெப்பநாட்டு மீன். நீர் 20 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் அதன் பசி மந்தித்துவிடும். ஆகவே விடியற்காலைப் பனியில் நடுங்கிக்கொண்டு உட்காருவதில் பயனில்லை. வெயில் ஏறி, கரையோர நீர் சற்றுச் சூடான பிறகு போங்கள். கெண்டைக்குக் குளிர் ஒரு பொருட்டன்று. அது அடிச்சேற்றைக் கிளறித் தின்னும் மீனாதலால், இரை தரையைத் தொடும்படி தக்கையை முள்ளிலிருந்து தள்ளிக் கட்டவேண்டும்.

மழைக்குப் பின் ஏரி நீர் பால் விட்ட தேநீரைப் போல் மாறிவிடுகிறதல்லவா? அடர்ந்து மூடிய தேயிலைச் செடி மண்ணைப் பிடித்துவைக்கிறது. காய்கறிக்காகவும் கட்டடத்துக்காகவும் மொட்டையடித்த சரிவோ மழையோடு மண்ணையும் அனுப்பிவிடுகிறது. அந்தச் சேறு மீனின் செவுளை அடைக்கும். நீர்ச்செடிகளில் ஒட்டியிருக்கும் கெண்டை முட்டைகளை மூடிவிடும்.

மீன் போவதோடு முடிந்தால் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதே சேறுதான் மழைநீர் தங்கவேண்டிய இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. இடம் சுருங்கிய ஏரியில் பெருமழை கொட்டினால் மதகைத் திறக்கத்தான் வேண்டும். 2013 அக்டோபர் 23-ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், அப்படித் திறந்துவிட்ட நீரால் பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் பறிபோயின.

அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் தூண்டில் போடுவோர் இதை மனத்தில் வையுங்கள். தடைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்கவே வேண்டாம். அபாயச் சங்கு ஒலித்தால் நரம்பைச் சுருட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஆற்றின் போக்கில் ஓடாமல், பக்கத்து மேட்டில் ஏறுங்கள். சங்கு காதில் விழாவிட்டாலும், தெளிந்த நீர் திடீரெனக் கலங்கிக் குப்பையும் இலையும் மிதந்து வந்தால், பிள்ளைகளை முதலில் மேட்டில் ஏற்றிவிடுங்கள்.