எட்டும் விலையில் ஒரு பழைய கூடைப்பந்து அட்டை செட்

கூடைப்பந்து வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகள் அமெரிக்காவில் பபிள்கம் பொட்டலங்களுக்குள் வந்தவை. ஐந்தோ பத்தோ சென்ட் கொடுத்துச் சிறுவர்கள் வாங்கிய அந்த அட்டைகள் இன்று ஏல நிறுவனங்களில் விலைபோகின்றன. தனி அட்டையை வாங்குவது ஒரு வழி. ஓர் ஆண்டில் வெளியான எல்லா அட்டைகளையும் எண் வரிசைப்படி சேர்த்து முழு செட்டாக்குவது மற்றொரு வழி. பழைய சேகரிப்பாளர்கள் பெரிதும் மதிப்பது இதைத்தான். ஒரு செட்டின் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் வயதோ அட்டைகளின் எண்ணிக்கையோ அல்ல. அதில் எந்த மாபெரும் வீரரின் ரூக்கி அட்டை, அதாவது அவர் முதன்முதலாக இடம்பெற்ற அட்டை, இருக்கிறது என்பதே. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் 1948 முதல் 1986 வரையிலான செட்களில் எது கைக்கு எட்டும், எது எட்டாது என்பது தெளிவாகிவிடும்.

பெரிய நிறுவனம் ஒன்று கூடைப்பந்துக்கென்றே வெளியிட்ட முதல் செட் 1948ஆம் ஆண்டின் போமன். பிலடெல்பியாவைச் சேர்ந்த இந்த பபிள்கம் நிறுவனம் 72 சிறிய அட்டைகளை வெளியிட்டது. அவற்றுள் சில அட்டைகளில் வீரர்கள் இல்லை. ஆட்ட உத்திகளின் வரைபடங்களே இருந்தன. இந்த செட்டின் விலையைத் தாங்கி நிற்பது 69ஆம் எண், மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியின் ஜார்ஜ் மைக்கன். அதன் பிறகு பெரிய நிறுவனம் எதுவும் ஒன்பது ஆண்டுகள் கூடைப்பந்து பக்கம் வரவில்லை. போமனை 1956இல் வாங்கிவிட்ட புரூக்ளின் டாப்ஸ் நிறுவனம், 1957–58 பருவத்துக்கு 80 அட்டைகளை வெளியிட்டது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் அன்று எட்டே அணிகள். விற்பனை மந்தமானதால் டாப்ஸ் அடுத்த ஆண்டே கைவிட்டது. 1961–62இல் பிலடெல்பியாவின் இன்னொரு நிறுவனமான ஃப்ளீர் 66 அட்டைகளோடு வந்து, அதுவும் ஒரே ஆண்டில் விலகியது.

மைக்கனைப் போலவே 1957 செட்டில் பில் ரஸ்ஸலும் பாப் கூஸியும், 1961 செட்டில் வில்ட் சேம்பர்லின், ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெரி வெஸ்ட், எல்ஜின் பேலர் ஆகியோரும் முதன்முதலாக இடம்பெற்றனர். குறைந்த பணத்தில் தொடங்குகிறவர் இந்த மூன்று செட்களையும் ஒதுக்கி வைப்பதே நல்லது. இதில் வருத்தம் ஒன்று உண்டு. பதின்மூன்று பருவங்களில் பதினோரு முறை கோப்பை வென்ற ரஸ்ஸல், டாப்ஸ் மீண்டும் வருவதற்குச் சற்று முன்பு, 1969இல் ஓய்வு பெற்றுவிட்டார். அதனால் அவர் ஆடிய காலத்தின் முக்கிய அட்டைகள் விலை உயர்ந்த இந்த செட்களில்தான் கிடைக்கும்.

செட்களின் எண்ணிக்கைக்குப் பின்னால் அச்சுக்கூடத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது. அட்டைகள் ஒவ்வொன்றாக அச்சிடப்படுவதில்லை. 132 அட்டைகள் கொண்ட பெரிய தாளாக அச்சிட்டு, பின்பு வெட்டப்பட்டன. 1957 செட்டில் இருந்தவை 80 அட்டைகளே என்பதால் மீதி இடத்தை நிரப்ப 49 அட்டைகள் இருமுறையும் ஓர் அட்டை நான்கு முறையும் தாளில் இடம்பெற்றன. எஞ்சிய 30 அட்டைகள் ஒருமுறை மட்டும் வந்தன. அந்த முப்பதில் ஒன்று ரஸ்ஸலுடையது; ரூக்கி என்ற பெருமையோடு அரிய தன்மையும் சேர்ந்துகொண்டது. 1970களின் செட்களில் இந்தக் கணக்கு இன்னும் நேராகப் பொருந்தும்: 264 அட்டைகள் என்றால் இரண்டு தாள், 330 என்றால் இரண்டரை, 132 என்றால் ஒன்று. தாளை நேர்த்தியாக நிரப்பும் செட்டில் சில அட்டைகள் மட்டும் இருமடங்கு அச்சாவதற்குக் காரணம் இல்லை. எனவே சாதாரண வீரர்களின் அட்டைகளில் எதுவும் தனியாக விலையேறி நின்று கடைசியில் சேகரிப்பாளரை மடக்குவது அங்கே குறைவு.

டாப்ஸ் 1969–70இல் திரும்பி வந்தபோது கூடைப்பந்து வீரர்களின் உயரத்துக்கு ஏற்றாற்போல அட்டையையும் நீட்டியது. இரண்டரை அங்குல அகலம், ஏறத்தாழ 4.7 அங்குல உயரம். மொத்தம் 99 அட்டைகள். எட்டு ஆண்டு இடைவெளியில் வந்த வீரர்கள் எல்லோருக்கும் இதுவே முதல் முக்கிய செட் என்பதால் ஜான் ஹாவ்லிசெக், வால்ட் ஃப்ரேசியர், வில்லிஸ் ரீட், எல்வின் ஹேய்ஸ் என்று ரூக்கிகள் குவிந்துவிட்டனர். எல்லோருக்கும் மேலாக 25ஆம் எண்ணில் லூ அல்சிண்டர், பின்னாளின் கரீம் அப்துல் ஜப்பார். 1970–71இல் அதே உயரத்தில் 175 அட்டைகள் வந்தன. அங்கே பீட் மராவிச்சின் முதல் அட்டை இருக்கிறது. இரண்டும் பார்க்க அழகானவை. ஆனால் உயரமான அட்டையின் மூலைகள் எளிதில் மடங்கும், வழக்கமான பிளாஸ்டிக் பக்கங்களில் அது அடங்காது, விலையும் குறைவல்ல.

1971–72 பருவத்தில் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. அட்டை இரண்டரைக்கு மூன்றரை அங்குலம் என்ற வழக்கமான அளவுக்குத் திரும்பியது. 1967இல் தொடங்கிய போட்டி லீக்கான ஏ.பி.ஏ.வின் வீரர்களும் அதே செட்டுக்குள் வந்தார்கள். சிவப்பு, வெள்ளை, நீலப் பந்தோடும் மூன்று புள்ளிக் கோட்டோடும் ஆடிய அந்த லீக், 1976இல் நான்கு அணிகளை என்.பி.ஏ.வுக்குக் கொடுத்துவிட்டு மறைந்தது. ஆகவே 1971 முதல் 1976 வரை வெளியான ஐந்து செட்களும் இரு லீக்குகளின் ஒரே கூட்டு ஆல்பம் போன்றவை. 1971–72இல் 233 அட்டைகள். 1972–73இல் 264 அட்டைகள். அவற்றுள் 195ஆம் எண்ணில் ஜூலியஸ் எர்விங்கின் ரூக்கி அட்டை. அந்த ஓர் அட்டைக்காகவே அந்த செட்டின் விலை எழுந்து நிற்கிறது. 1974–75இல் பில் வால்டனும் ஜார்ஜ் கெர்வினும், 1975–76இன் 330 அட்டைகளில் மோசஸ் மலோனும் அறிமுகமானார்கள்.

இவற்றுக்கு நடுவே, எர்விங் அறிமுகத்துக்கு அடுத்த ஆண்டும் வால்டன் அறிமுகத்துக்கு முந்தைய ஆண்டுமாக, 1973–74 செட் இருக்கிறது. குறைந்த செலவில் நிறைந்த வரலாறு வேண்டுமென்பவருக்கு இதைவிடப் பொருத்தமான செட் இல்லை. இதிலும் 264 அட்டைகள். ரூக்கிகள் இல்லாமல் இல்லை. பாப் மகாடு, பால் வெஸ்ட்பால் இருவரும் இதில்தான் முதலில் வந்தார்கள். இருவரும் சிறந்த வீரர்கள். ஆனால் செட் முழுவதையும் எட்டாத உயரத்துக்குத் தூக்கும் அளவு தேவை அவர்களின் அட்டைக்கு இல்லை.

விலை ஏறாதது ஒருபுறம் இருக்க, இந்த செட்டுக்குள் இருக்கும் ஆட்களின் வரிசை வியப்பூட்டுவது. 80ஆம் எண் வில்ட் சேம்பர்லினின் கடைசி அட்டை. அதில் அவர் லேக்கர்ஸ் வீரர். ஆனால் அந்தப் பருவத்தில் அவர் களத்தில் இறங்கவே இல்லை. 1973இல் ஏ.பி.ஏ.வின் சான் டியேகோ அணி அவரை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒப்பந்தம் செய்தது. லேக்கர்ஸ் வழக்குத் தொடுக்க, ஆடுவதற்குத் தடை வந்தது. அவர் பயிற்சியாளராக மட்டும் அந்த ஆண்டைக் கழித்தார். முந்தைய பருவத்தில் ரீபவுண்டிலும் கோல் விகிதத்திலும் லீக்கின் முதலிடம் அவருடையது. ஒரே பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் எடுத்த மனிதரின் கடைசி அட்டை, 1961இல் வந்த அவரது முதல் அட்டையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகைக்குக் கிடைக்கிறது.

ஜெரி வெஸ்ட், ஆஸ்கர் ராபர்ட்சன், வில்லிஸ் ரீட், டேவ் டிபுஷேர், ஜெரி லூகஸ் ஆகியோர் ஆடிய கடைசிப் பருவமும் 1973–74தான். ஒரு தலைமுறை விடைபெறும் அதே செட்டில் 23 வயது எர்விங் இரண்டாம் அட்டையோடு நிற்கிறார். கரீமும் மராவிச்சும் தங்கள் உச்சத்தில் இருக்கிறார்கள். பிற்காலத்தில் பெரும் பயிற்சியாளர்களான ஃபில் ஜாக்சனும் பாட் ரைலியும் துணை ஆட்டக்காரர்களாக வருகிறார்கள். முதல் எண் நேட் ஆர்ச்சிபால்டுக்கு. அதற்கு அவர் முழுத் தகுதி உள்ளவர்: 1972–73 பருவத்தில் ஆட்டத்துக்கு 34.0 புள்ளிகளும் 11.4 அசிஸ்ட்களும் எடுத்து, இரண்டு பட்டியல்களிலும் ஒரே பருவத்தில் முதலிடம் பிடித்தார். மும்மூன்று வீரர்கள் சேர்ந்து வரும் சாதனையாளர் அட்டைகளில் அவர் முகம் மீண்டும் மீண்டும் வருவது அதனால்தான். லேக்கர்ஸை நியூயார்க் நிக்ஸ் 4–1 என்று வென்ற இறுதிப் போட்டித் தொடரும் இதே செட்டில் பதிவாகியிருக்கிறது. பெரிய நட்சத்திரங்களுக்கு டாப்ஸ் பத்தால் வகுபடும் எண்களைத் தருவது வழக்கம். கரீம் 50, வெஸ்ட் 100, மராவிச் 130, எர்விங் 240. இந்த எண்களைப் பார்த்தாலே 1973இல் யாருக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று தெரியும்.

264 அட்டைகள் அதிகம் என்று தோன்றினால் அடுத்துப் பார்க்கவேண்டியவை 1977 முதல் 1980 வரையிலான மூன்று செட்கள். ஒவ்வொன்றிலும் 132 அட்டைகள். 1977–78இல் ராபர்ட் பேரிஷும் ஏட்ரியன் டான்ட்லியும், 1978–79இல் பெர்னார்ட் கிங், டென்னிஸ் ஜான்சன், ஜாக் சிக்மா, வால்டர் டேவிஸ் ஆகியோரும் அறிமுகமானார்கள். 1977–78 அட்டைகள் சாம்பல் நிறப் பின்புறம், வெள்ளைப் பின்புறம் என இரு வகை அட்டைத்தாளில் அச்சானவை. இரண்டும் கலந்த செட்டாக விற்பதும் உண்டு, வாங்குமுன் திருப்பிப் பார்க்கவேண்டும். 1979–80 செட்டின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. மேஜிக் ஜான்சனும் லாரி பேர்டும் என்.பி.ஏ.வில் காலடி வைத்த பருவம் அது; ஆனால் அந்த செட்டில் இருவருக்கும் அட்டை இல்லை. பழைய செட்களிலேயே மலிவானவற்றுள் அது ஒன்றாக இருப்பதற்கு இதுவே காரணம். அடுத்த ஆண்டு மூன்று வீரர்களைத் துளையிட்ட கோட்டால் பிரித்து ஒரே அட்டையில் அச்சிட்டபோது, பேர்டும் மேஜிக்கும் ஓர் அட்டையில் சேர்ந்தார்கள், நடுவில் எர்விங். அதோடு விலையும் ஏறியது.

இவற்றுக்கு முன் 1976–77இல் வந்த 144 அட்டைகள் ஐந்தேகால் அங்குல உயரமுள்ள பெரியவை. முழு உருவப் படங்களுக்காக அதை விரும்புவோர் பலர். ஆனால் பிழையற்ற மூலைகளோடு அவற்றைத் தேடுவது செலவான வேலை. டாப்ஸ் 1981–82 செட்டோடு நிறுத்திக்கொண்டது. 1986–87இல் ஃப்ளீர் 132 அட்டைகளோடு திரும்பியது. அதன் 57ஆம் எண் மைக்கேல் ஜோர்டன். 2021 ஜனவரி இறுதியில் நடந்த ஓர் ஏலத்தில் உச்சத் தரம் பெற்ற அந்த அட்டைகள் இரண்டு, ஒவ்வொன்றும் 7,38,000 டாலருக்கு விலைபோயின. போலிகள் மிகுதியாகப் புழங்குவதும் அந்த அட்டையில்தான்.

செட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு விலையை ஏற்றி இறக்குவது அட்டையின் நிலை. பெரிய தாளை வெட்டும்போது கத்தி விலகினால் வெள்ளை விளிம்பு ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் போகும். 1970களின் டாப்ஸில் இது மிக வழக்கம். மெழுகுத் தாளில் சுற்றிய பொட்டலம் என்பதால், தாளை ஒட்டியிருந்த அட்டையில் மெழுகுக் கறையும் பபிள்கம்மை ஒட்டியிருந்த அட்டையில் பழுப்புக் கறையும் படியும். விளிம்பு சற்று விலகிய, மூலை லேசாக மழுங்கிய, ஆனால் மடிப்போ எழுத்தோ இல்லாத அட்டைகள் கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். விலையோ மாசற்ற அட்டையின் ஒரு சிறு பங்கு. பட்ஜெட் குறைந்தவருக்கு இந்த நடுத்தர நிலையே சரி. 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் கட்டணம் பெற்று அட்டையைச் சோதித்து, ஒன்றிலிருந்து பத்து வரை தரமிட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. 1973–74 செட்டின் சாதாரண வீரர் அட்டைக்கு அந்தக் கட்டணம் அட்டையின் விலையையே தாண்டிவிடும். சேம்பர்லின், எர்விங் போன்ற சிலருக்கு மட்டும் தரமிட்ட அட்டை வாங்கி, மீதியை உறையில்லாமல் சேர்ப்பது நடைமுறை.

சாதாரண வீரர்களின் அட்டைகளைக் கொத்தாக வாங்குவது மலிவு. பாதி செட் ஒரே வாங்கலில் கிடைத்துவிட்டால், விடுபட்ட எண்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக நிரப்பலாம். நட்சத்திர அட்டைகளைக் கடைசிவரை தள்ளிப்போட்டால் மொத்தச் செலவும் ஒரே நேரத்தில் வந்து விழும். ஆரம்பத்திலேயே ஒன்றிரண்டை வாங்கிவிடுவது நல்லது. மறுஅச்சைக் கண்டுபிடிக்கச் சிறு பூதக்கண்ணாடி போதும். அசல் அட்டையில் படம் நிறப்புள்ளிகளால் ஆனது, ஆனால் பெயரின் கறுப்பு எழுத்து புள்ளியில்லாத ஒரே சீரான மையாக இருக்கும். அசலை ஸ்கேன் செய்து அச்சிட்ட நகலில் அந்த எழுத்தும் புள்ளிகளாகச் சிதறித் தெரியும்.

எதிர்பாராமல் சிரமம் கொடுப்பவை செக்லிஸ்ட் அட்டைகள். செட்டிலுள்ள எண்களையெல்லாம் பட்டியலிட்டு, பக்கத்தில் சிறு கட்டம் விட்ட அட்டைகள் அவை. கையில் இருக்கும் எண்ணுக்கு நேராகப் பேனாவால் குறியிடத்தான் டாப்ஸ் அவற்றைக் கொடுத்தது. சிறுவர்களும் அப்படியே செய்தார்கள். குறி விழாத செக்லிஸ்ட் பல சமயம் நல்ல வீரரின் அட்டையைவிட அதிகம் விலை கேட்கும். விற்பவர் முழு செட் என்று சொல்லும்போது செக்லிஸ்ட் சுத்தமாக இருக்கிறதா, குறியிட்டதா என்று கேட்டுக்கொண்ட பிறகே விலை பேசவேண்டும். சேர்த்த 264 அட்டைகளையும் வைக்க ஒன்பது அறை கொண்ட பிளாஸ்டிக் பக்கங்கள் முப்பது போதும், பி.வி.சி. கலந்த பழைய வகைப் பக்கங்கள் நாளடைவில் அச்சோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அது கலவாதவற்றையே வாங்கவேண்டும்.