மண்ணில்லாப் பயிர்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் மண்ணின்றிக் காய்கறி விளைவிக்கும் முறையாகும். உழுதுண்ட பரம்பரையில் வந்த நம் பெரியோர், "தாயில்லாமல் பிள்ளையா?" என்று நகைக்கக்கூடும். இளைஞர் சிலரோ, இருக்கும் நிலத்தை விற்று இதில் முதல் போடத் துடிக்கின்றனர். இவ்விரு சாராருக்கும் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே: முறை மெய்யானது; ஆனால் அற்புதமன்று.

செடிக்கு மண் செய்யும் உபகாரம் யாது? வேரை நிலைநிறுத்துகிறது, நீரைத் தேக்கிக் கொடுக்கிறது, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து, சுண்ணாம்பு, கந்தகம், இரும்பு முதலிய சத்துக்களை ஊட்டுகிறது. இவற்றை வேறு வகையில் அளித்தால் மண்ணின்றியும் செடி வளரும். 1860ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியில் சாக்ஸ், நாப் என்னும் சாஸ்திரிகள், உப்புக்கள் கரைந்த நீரிலேயே செடிகளை வளர்த்து இதனை ருசுப்படுத்தினர்.

1929ல் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த கெரிக் என்பவர், இதனையே விவசாயத் தொழிலாக நடத்தலாம் என்று அறிவித்தார். அவருடைய தொட்டிகளில் தக்காளிக் கொடிகள் 25 அடி உயரம் வளர்ந்தனவாம். ஜனங்கள் பிரமித்தனர். ஆனால் அதே சர்வகலாசாலையின் ஹோக்லண்டு, ஆர்னன் என்னும் இருவர் ஆராய்ந்து 1938ல் வெளியிட்ட பிரசுரம் ஆவேசத்தைத் தணித்தது. நல்ல மண்ணில் செவ்வனே பராமரித்த பயிரைக் காட்டிலும் நீர்ப்பயிர் இயல்பிலேயே அதிகம் விளைவதில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

அங்ஙனமாயின் பயன் என்ன? நல்ல மண் இல்லாத இடத்தில்தான் இதன் பெருமை விளங்கும். அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே எரிமலைப் பாறையாலான அசென்ஷன் தீவில், 1945ல் அமெரிக்கப் படையினர் சரளைக்கல் பாத்திகளில் காய்கறி விளைவித்தனர். 1946ல் காலிம்பொங்கில் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர், விலையுயர்ந்த கருவிகளை விலக்கி, எளியோரும் கைக்கொள்ளத்தக்க முறையொன்றை வகுக்க முற்பட்டார். அது 'வங்காள முறை' எனப் பெயர் பெற்றது. மேலும், கரைசலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் நீர்ச்செலவு வயலைவிட மிகக் குறைவு.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மண் பொறுமையுடையது. ஒருநாள் நீர் பாய்ச்ச மறந்தாலும் தன் சேமிப்பைக் கொடுத்துச் செடியைக் காக்கும். குழாயில் ஓடும் மெல்லிய நீரை நம்பிய வேருக்கு அச்சேமிப்பு இல்லை. சென்ற கோடையில் நம் வீட்டு மாடியில் மின்சாரம் நின்று பம்பு ஓயவே, நாற்பது நாள் வளர்த்த கீரை ஒரே பகலில் துவண்டு மாய்ந்தது. அன்றுதான் மண்ணின் அருமையை நாம் உள்ளபடி உணர்ந்தோம்.

ஆகையால் இளைஞர்களே, நிலத்தை விற்காதீர்கள், கடன் வாங்காதீர்கள். நெல்லுக்கும் பயறுக்கும் வயலே தகும். கீரை, தக்காளி, வெள்ளரி இவற்றோடு மாடியில் ஒரு தொட்டியளவில் தொடங்குங்கள். தென்னை நார்க்கழிவை உப்பு நீங்க நன்கு அலசி இட்டால், அது நீரைப் பிடித்துவைத்து ஓரளவு மண்ணின் வேலையைச் செய்யும். கால்சியம் நைட்ரேட்டையும் மக்னீசியம் சல்பேட்டையும் செறிந்த நிலையில் ஒன்றாகக் கலக்கலாகாது. வண்டல் படிந்து சத்து வீணாகும். கரைசலின் அமிலநிலை எண் 5.5 முதல் 6.5க்குள் நிற்கட்டும். ஓராண்டு வரவு செலவை ஒளிக்காமல் எழுதுங்கள். அக்கணக்கு இலாபம் காட்டினால் மேலே செல்லுங்கள்.

பெரியோர்களே, பிள்ளைகளின் தொட்டியைக் கண்டு நகையாதீர்கள். நிலமற்ற நம் குடும்பங்களுக்கும் அது ஒரு கைப்பிடிக் கீரை தரும். செடிக்கு என்ன வேண்டுமென்று அளந்தறியக் கற்றவன், வயலுக்குத் திரும்பினாலும் உரத்தை வீணாக்கான். அவ்வறிவே இம்முறையால் நாம் பெறும் முதல் விளைச்சல் என்று கூறி அமர்கின்றோம்.