விளக்கணைத்த பிறகு வாசித்த நாவல்கள்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள், பழைய மாணவியர் வாசகர் வட்டத்தின் சார்பில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் பற்றிப் பேசுங்கள் என்று விழாக்குழு கேட்டபோது நாங்கள் மர்ம நாவலைத் தெரிந்தெடுத்தோம். ஒருவர் இருவர் முகம் சுளித்தார்கள். ஆனால் விடுதியில் விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் டோர்ச் லைட்டோடு வாசித்தது எதை என்று இந்த மண்டபத்தில் கேட்டால், உண்மை தெரிந்துவிடும்.

அதிலும் ஓர் எழுத்தாளரின் முதல் மர்ம நாவல் என்றால் எங்களுக்குத் தனி ஆசை. பெயர் பெற்றவரின் இருபதாவது புத்தகத்தில் முதல் ஐம்பது பக்கம் சோர்ந்தாலும் நாம் பொறுத்துக்கொள்வோம். புதியவருக்கு அந்தச் சலுகை இல்லை. பக்கத்துக்குப் பக்கம் அவர் நம் கையைப் பிடித்திருக்க வேண்டும், விட்டால் புத்தகம் மூடப்படும்.

அகதா கிறிஸ்டியை எடுத்துக்கொள்வோம். முதலாம் உலகப் போர்க் காலம். டோர்க்கி நகரத்து வைத்தியசாலையில் மருந்து கலக்கும் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்த இளம்பெண். துப்பறியும் கதை எழுத உன்னால் முடியாது என்று அவருடைய அக்கா சொன்னாராம். அக்காமார் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாதா? 1916இல் எழுதத் தொடங்கினார். மருந்து அலுமாரியில் தினமும் கண்ட நஞ்சுகளே கதைக்கு வித்து. ஊருக்கு அகதிகளாக வந்திருந்த பெல்ஜியம் நாட்டவரைப் பார்த்துத் தன் துப்பறிவாளரையும் பெல்ஜியத்து அகதி ஆக்கினார். பதிப்பகங்கள் சில திருப்பி அனுப்பின. கடைசியில் 1920இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் 'ஸ்டைல்ஸ் மாளிகை மர்மம்' வெளிவந்தது. அவர் கைக்கு வந்தது 25 பவுண். நஞ்சைப் பற்றிச் சரியாக எழுதியிருக்கிறார் என்று மருந்தாளர்களின் சஞ்சிகை ஒன்று பாராட்டியதைத்தான் அவர் பெரிதாக நினைத்தார்.

அந்த நாவல் ஏன் பிடிக்கிறது என்று எங்கள் வட்டத்தில் ஒரு மாலை முழுக்க வாதாடினோம். வீட்டின் வரைபடத்தையே அச்சிட்டு நம் கையில் தருகிறார். எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை, எந்தக் கதவு எங்கே திறக்கும், எல்லாம் நமக்கும் தெரியும். கிழிந்த கடதாசித் துண்டையும் காட்டுகிறார். ஒன்றையும் ஒளிக்கவில்லை, ஆனாலும் நாம் காணவில்லை. முடிவில் நமக்கு வருவது கோபம் அல்ல, வெட்கம் கலந்த சிரிப்பு. எங்கள் கணக்கில் நல்ல மர்ம நாவல் ஏமாற்றும், வஞ்சிக்காது. கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒரு சித்தப்பாவைக் கொண்டுவந்து அவர்தான் கொலைகாரர் என்று முடிக்கும் கதைகளை நாங்கள் மன்னிப்பதில்லை. (கொலை செய்தவர் யார் என்று தயவுசெய்து எங்களிடம் கேட்க வேண்டாம். நூலகத்தில் புத்தகம் இருக்கிறது.)

கல்லடிப் பாலம் 1924இல் கட்டப்பட்டது. அடுத்த ஆண்டு சென்னையில் இன்னொரு பெண் தன் முதல் நாவலோடு வந்தார். வை.மு. கோதைநாயகி அம்மாள், 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கலியாணம், பள்ளிக்கூட வாசல் மிதிக்கவில்லை. அவருடைய முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். பிறகு 'ஜகன்மோகினி' மாத இதழைத் தானே ஏற்று, அதில் 'வைதேகி' என்ற நாவலைத் தொடராக வெளியிட்டார். திகம்பர சாமியார் என்ற துப்பறிவாளரைப் படைத்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் அவருக்குத் தொடக்கத்தில் வழிகாட்டினார். தொடர்கதையில் வாசகரைப் பிடித்து வைப்பது அத்தியாயம் முடியும் இடம். அடுத்த இதழுக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். நாவல் வாசித்தால் பெண் கெட்டுப்போவாள் என்று பெரியவர்கள் சொன்ன நாளில், வீட்டுக்குள் இருந்த பெண்களை எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்தது அந்தக் காத்திருப்பு. கோதைநாயகி 115 நாவல்கள் எழுதினார். அவற்றின் தரம் பற்றி விமர்சகர்கள் சொல்வதைச் சொல்லட்டும். எங்கள் அம்மம்மாமார் வாசகர் ஆனது அப்படிப்பட்ட கதைகளால்தான்.

இனி நாங்கள் சொல்லத் தயங்கிய பகுதி. நமக்குப் பின்னால் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஊரடங்கு இரவுகளில் குப்பி விளக்கில் நாங்கள் வாசித்தது மர்மக் கதைகளையே. வெளியில் நாய் குரைத்தால் விளக்கை ஊதிவிட்டு மூச்சடக்கி இருப்போம். 1990 செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கூட்டிச் செல்லப்பட்டார்கள். திரும்பி வரவில்லை. அப்படி ஒரு மாவட்டத்தில் பயத்தைக் காசு கொடுத்து வாங்கி வாசிக்க என்ன தேவை என்று வெளிநாட்டில் ஒரு தோழியிடம் அவளுடைய மகள் கேட்டாளாம்.

எங்களிடம் ஒரே பதில் இல்லை. சிலர் சொன்னார்கள்: அந்தப் புத்தகங்களில் ஒருவர் செத்தால் யாரோ ஒருவர் வந்து கேள்வி கேட்கிறார். வேலைக்காரியையும் கேட்கிறார், வீட்டுக்காரரையும் கேட்கிறார். எத்தனை மணிக்கு, யாரோடு, எந்தக் கதவால் என்று விடாமல் கேட்கிறார். ஊரில் வாய் திறந்து கேட்க முடியாத நாளில் அதை வாசிப்பதே ஆறுதல். எங்களுள் ஒருவர் இதை ஏற்கவில்லை. அவருடைய வீட்டுக் கதவு தட்டப்பட்ட இரவுக்குப் பிறகு பத்து வருடம் அவர் ஒரு மர்ம நாவலையும் தொடவில்லை. "கதையில் கடைசி அத்தியாயம் இருக்கு. எங்கட அம்மாவுக்கு அது இல்லை" என்றார். படங்களை ஏந்தி வீதியோரம் இருக்கும் தாய்மாரைப் பார்க்கும்போது, அவர் சொன்னதை எங்களால் மறுக்க முடியவில்லை. இப்போது அவரும் வாசிக்கிறார். ஆனால் பகலில் மட்டும்.

தங்கைமாருக்கு ஒரு விண்ணப்பம். நிலாக் காலத்தில் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியில் காது வைத்துக் கேட்டவர்கள் நாம். பாடுவது மீனா, ஊரியா என்று இன்னும் வழக்காடுகிறோம். இவ்வளவு மர்மம் உள்ள வாவிக்கரையில் நம் மாணவி ஒருத்தி தன் முதல் துப்பறியும் நாவலை எழுத வேண்டும் என்பது வட்டத்தின் ஆசை. வரைபடம் வரைய நாங்கள் உதவுகிறோம், புளியந்தீவின் ஒழுங்கைகள் எங்களுக்கு மனப்பாடம். கையெழுத்துப் பிரதியை மாதத்தின் முதல் சனிக்கிழமை நூலகத்தில் தந்தால் போதும். முடிவை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.