ராடு பிடிக்கத் தெரிந்தால் போதுமா?

(செஞ்சியில் வெல்டிங் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கேட்டும் கிரில்லும் செய்கிறீர்கள்; டிராக்டர் டிப்பரை ஒட்டித் தருகிறீர்கள். உங்களுக்கு வெல்டிங் கற்றுத்தர நாம் வரவில்லை. உயிரோடு வீடு திரும்பும் வித்தையை உங்களுக்குக் கற்றுத்தந்தது யார் என்று கேட்கவே வந்தோம்.

"ஜாக்கிரதையாக இரு" என்று சொல்வது பயிற்சி ஆகாது. எந்த வேலையில் எந்த அபாயம் என்று பிரித்துப் பார்த்தால்தான் எந்தப் பயிற்சி தேவை என்பது விளங்கும்.

எதை ஒட்டுகிறோம்? காலி டீசல் டிரம் என்கிறோம். டீசல்தான் காலி, உள்ளே ஆவி இருக்கிறது. பொறி பட்டால் வெடிக்கும். ஜிங்க் பூசிய பைப்பை ஒட்டினால் இரவில் குளிர்காய்ச்சல் வரும். துத்தநாகப் புகையின் வேலை அது. வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017-ல் முடிவு கூறியது.

எங்கே ஒட்டுகிறோம்? தொட்டிக்குள் நல்ல காற்று குறையும். புழுக்கத்துக்கு ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் போட்டிருக்கும் சட்டையே பற்றிக்கொள்ளும். மயங்கி விழுந்தவனைத் தூக்க யோசிக்காமல் குதித்தவனும் மாள்வான்.

பக்கத்தில் யார், என்ன? ராடு பிடிப்பவருக்குக் கறுப்புக் கண்ணாடி உண்டு. ஹெல்ப்பருக்கு? இரவில் அவன் கண்ணில் மணல் கொட்டியது போல் உறுத்துகிறது. 2018 பிப்ரவரி 13-ல் கொச்சி கப்பல் தளத்தில் பழுதுபார்க்க நின்ற 'சாகர் பூஷண்' கப்பலுக்குள் வெடித்து 5 தொழிலாளர் மாண்டனர். இங்கே தொழில் பழகும் நம் பிள்ளைகள் நாளை அப்படிப்பட்ட இடங்களுக்கும் போவார்கள் அல்லவா?

சட்டம் என்ன செய்தது? 1984 போபால் கொடுமைக்குப் பின், 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் பாதுகாப்புப் பயிற்சி பெறும் உரிமை சேர்க்கப்பட்டது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடம் தொழிற்சாலை எனப்பட 10 பேர் வேண்டும் என்றது சட்டம். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தொகுப்போ அதை 20 ஆக்கிவிட்டது! நாலு பேர் வேலை செய்யும் பட்டறை அன்றும் அந்தக் கணக்கில் இல்லை, இன்றும் இல்லை. தீப்பொறி தலையை எண்ணிப் பார்த்தா விழுகிறது?

ஆகவே, ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். யாருக்கு, எந்த வேலையில், எப்படிச் சுட்டது, எப்படி ஷாக் அடித்தது என்று எழுதுங்கள். மயிரிழையில் தப்பியதையும் எழுதுங்கள். அந்த நோட்டுதான் நமக்கு வேண்டிய பயிற்சியின் பட்டியல். அதைக் கையில் ஏந்தி, கூலி பிடிக்காத பயிற்சி நாள் கொடு என்று சர்க்காரிடம் ஒன்றாகச் சேர்ந்து கேட்போம்!